ஏழு தலை வாங்கிய வாள்

கண்ணாடிப் பெட்டிக்குள் கோட்டு இருந்தது. வாள் இல்லை.

பெட்டிக்கு முன்னால் நின்ற மூன்று பேரில் இரண்டு பேர் வாள் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெல்மா ஹேடோ மட்டும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதவியாளர் பார்னபி ஸ்ப்ராக்குக்கு இது பழகிப்போன விஷயம். களவு போன வீட்டுக்குக் கூட்டிப் போனால் பீரோவை விட்டுவிட்டு ஜன்னல் திரையின் தையலைப் பார்க்கிறவள் அவள். லீட்ஸ் நகரத்துத் தையற்காரர் மகள். நாற்பத்திரண்டு வயதில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்தினாலும் விரல் நுனி இன்னும் துணியைத் தேடித்தான் போகும்.

பார்னபிக்கு ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்துக் கிடங்கில் பூட்ஸிலிருந்து வாள் வரை எடுத்துக் கொடுத்தவர். அதிகாரிகளுக்கு எதிரே வாயைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த இருபத்திரண்டு வருஷப் பேச்சையும் இப்போது தவணை முறையில் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாமவர் ஸ்டோக் மேடன் நகராட்சிச் செயலாளர் செட்ரிக் மல்லின்ஸ். இவர்களை வரவழைத்தவர் அவர்தான். அவர் பேச ஆரம்பித்தால் நகராட்சித் தீர்மானத்தை வாசிப்பதுபோல இருக்கும். செவ்வாய்க்கிழமை மதியம் வரை வாள் பெட்டிக்குள் இருந்ததாம். மாலையில் இல்லையாம். பூட்டு உடையவில்லையாம். சாவி இரண்டு. ஒன்று அவருடைய கடிகாரச் சங்கிலியில். இன்னொன்று இந்தக் காட்சிக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் ஐவி பார்லோவிடம். சனிக்கிழமை, ஊர் தன் போர் வீரரைக் கொண்டாடும் கேப்டன் தினம். படைப்பிரிவின் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு கர்னல் அந்த வாளைப் பார்க்கவென்றே வருகிறார். இன்றைக்கு வியாழன்.

நேற்றுச் சந்தை நாள். நகர மண்டபத்துப் படியில் நின்று, ஊரே கேட்க, ஐவி பார்லோவை வேலையிலிருந்து நிறுத்திவைத்த செய்தியை மல்லின்ஸே வாசித்துவிட்டார். நாளை சாயங்காலம் போலீஸில் புகார். காட்சிக்கூடத்துக்குப் பின்னால் அவள் குடியிருக்கும் இரண்டு அறைகளை ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். துப்பறிகிறவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் அவள் வாளை எங்கே ஒளித்திருக்கிறாள் என்று கண்டுபிடிப்பது மட்டும்தான்.

"அப்ப திருடனை நீங்களே பிடிச்சிட்டீங்க. எங்களுக்கு எலும்புத் துண்டு மட்டும்தான் மிச்சம்," என்றார் பார்னபி.

மல்லின்ஸ் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

பெட்டிக்குள் ஓர் அட்டை இருந்தது. எழுதியவரும் மல்லின்ஸ்தான். கேப்டன் டெவரில் 1896-இல் படையில் சேர்ந்தாராம். சேர்ந்த அன்று வாங்கிய இந்த வாள், 1900-இல் தென்னாப்பிரிக்கப் போர்க்களத்தில் அவர் உயிர் விட்டது வரை அவர் இடுப்பை விட்டுப் பிரியாத ஒரே வாளாம். கடைசி நாளில் ஏழு எதிரிகளின் தலையைச் சீவியதாம். கோட்டின் இடது இடுப்பில் தெரியும் கிழிசல் எட்டாவது எதிரியின் குண்டு பட்ட இடமாம்.

பார்னபி அட்டையை இரண்டு தரம் படித்தார். அந்தக் காலத்து வாளை அவருக்குத் தெரியும். நேரான அலகு, ஊசி மாதிரி நுனி. குத்துவதா வெட்டுவதா என்று ஆங்கிலேயப் பட்டாளம் நூறு வருஷம் சண்டை போட்டு, கடைசியில் குத்துவதற்கென்றே செய்த வாள் அது. அதை வைத்து ரொட்டித் துண்டைக் குத்தி நெருப்பில் வாட்டலாம். தலையைச் சீவ முடியாது. அதோடு அந்தப் போருக்குப் பட்டாளம் போனது மண்ணிற உடுப்பில். பெட்டிக்குள் இருந்ததோ பளிச்சென்ற சிவப்புக் கோட்டு. இதை அணிந்துகொண்டு ஏழு பேரை நெருங்கியிருந்தால் அந்த ஏழு பேரும் கண்ணில்லாதவர்களாக இருந்திருக்க வேண்டும்.

தெல்மா பெட்டியைத் திறக்கச் சொன்னாள். கோட்டின் இடது இடுப்பை விரலால் தடவினாள். பிறகு ஐவி பார்லோவைப் பார்க்க வேண்டும் என்றாள்.

ஐவி சமையலறையில் தேநீர்க் கோப்பைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். குள்ளமான, கெட்டியான பெண்மணி. அழுத அடையாளம் இல்லை. கோபத்தில் கோப்பைகளை அழுத்திச் சுற்றியதில் ஒன்றின் காது உடைந்திருந்தது. பத்தொன்பது வருஷமாக அந்தப் பெட்டியைத் துடைக்கிறாளாம். திருட வேண்டுமென்றால் மேலே மாட்டியிருக்கும் வெள்ளித் தட்டைத் திருடியிருப்பாளாம். முள்ளம்பன்றியைச் சுடும் கம்பி மாதிரி இருக்கிற அந்த வாளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை வழக்கத்துக்கு மாறாக எதுவும் நடந்ததா என்று தெல்மா கேட்டாள். ஒன்றும் இல்லை என்றாள் ஐவி. செயலாளர் ஐயாவுக்கு மட்டும் அன்றைக்கு மூட்டுவலி. இடது காலை மடக்க முடியாமல் மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினாராம். அந்த வெயிலிலும் நீளமான மழைக்கோட்டு. இவள் இரக்கப்பட்டு வலிக்குத் தேய்க்கிற தைலம் கொடுத்தாளாம். மறுநாள் காலையில் அதே காலால் நகர மண்டபத்துப் படியில் துள்ளி ஏறி இவள் மானத்தை வாங்கினாராம்.

"நல்ல தைலம்," என்றார் பார்னபி.

தெல்மா அதைக் கேட்டாளோ இல்லையோ, கோப்பை சுற்றிய ஒரு தாளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷத்துக் கேப்டன் தினப் படம். மேயர் வாளை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. அது தன்னுடையது என்றும், அதனால்தான் அந்தத் தாளை எடுத்து வைத்திருந்ததாகவும் ஐவி சொன்னாள்.

தெல்மா தாளைப் பார்னபி பக்கம் நகர்த்தினாள்.

"கைப்பிடியைச் சுத்தி இருக்கிற கூட்டைப் பாருங்க. உடம்புப் பக்கமா வர்ற விளிம்பு எப்படி இருக்கு?"

"உள்ளே மடிச்சு விட்டிருக்கு."

"மடிக்காம விட்டா என்ன ஆகும்?"

பார்னபிக்கு அப்போதுதான் உறைத்தது. கேலியை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தொண்ணூத்தஞ்சுல புது மாதிரி ஒண்ணு வந்துச்சு மேடம். அதுக்கு முன்னால கைக்குக் காப்பு வெறும் பித்தளைக் கம்பிதான். எதிராளி வாள் உள்ளே புகுந்து விரலை எடுத்துட்டுப் போயிடும். சரின்னு இரும்புத் தகடுல கிண்ணம் மாதிரி செஞ்சாங்க. கை தப்பிச்சுது. ஆனா அதோட விளிம்பு இடுப்புல உரசி உரசிக் கோட்டைத் தின்னுடுச்சு. அதிகாரிங்க ஒப்பாரி வெச்சாங்க. தொண்ணூத்தேழுல விளிம்பை மடிச்சு விட்டாங்க. இரும்பு துணியை விடக் கெட்டின்னு கண்டுபிடிக்க நம்ம பட்டாளத்துக்கு ரெண்டே வருஷம்தான் ஆச்சு."

"கோட்டுல இருக்கிறது குண்டு பட்ட ஓட்டை இல்லை," என்றாள் தெல்மா. "குண்டு பட்டா நூல் அறுந்து நிக்கும். இது தேய்ஞ்சு தேய்ஞ்சு மேல் இழை போய், அடி இழை தெரியுது. அப்பாகிட்ட இந்த மாதிரி எத்தனை பேண்ட் வரும் தெரியுமா? ஒரே இடத்துல வருஷக் கணக்கா ஏதோ உரசியிருக்கு."

ஆக, அந்தக் கோட்டைத் தின்றது மடிக்காத விளிம்புள்ள வாள். தொண்ணூற்றாறில் சேர்ந்தவர் வாங்கியிருக்கக்கூடியதும் அதுதான். மேயர் தூக்கிப் பிடித்திருப்பதோ மடித்த விளிம்புள்ள வாள். கேப்டன் பிறகு வேறு வாள் வாங்கியிருக்கக் கூடாதா என்று பார்னபி கேட்டார். ஒரே வாள் என்று மல்லின்ஸே எழுதி வைத்திருப்பதை தெல்மா நினைவுபடுத்தினாள்.

"அப்ப திருட்டுப் போனதே போலி வாளா? போலியை எவன் மேடம் திருடுவான்?"

"அது போலின்னு தெரிஞ்சவன்," என்றாள் தெல்மா.

கேப்டனின் குடும்பத்தில் மிஞ்சியிருந்தவர் பியர்ஸ் டெவரில் ஒருவர்தான். ஊருக்கு வெளியே பன்றிப் பண்ணை. மாளிகையின் பாதிக் கூரை இடிந்து கிடக்க, பன்றிகளுக்கு மட்டும் புதிதாகத் தகரம் போட்டிருந்தார். முட்டளவு சேற்றில் நின்றபடி, வந்தவர்களுக்கு ஒரு கையால் வணக்கம் சொல்லிவிட்டு மறு கையால் ஒரு தாய்ப் பன்றியின் காதைச் சொறிந்துகொண்டிருந்தார்.

தெல்மா சுற்றி வளைக்கவில்லை. காட்சிக்கூடத்திலிருந்த வாள் கேப்டனுடையது இல்லை என்று தெரிந்துவிட்டது, அசல் எங்கே என்று கேட்டாள்.

"நீங்க அதுமேலதான் கை வெச்சிருக்கீங்க," என்றார் டெவரில்.

தெல்மா சாய்ந்து நின்ற கொட்டகைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக ஒரு வாள் செருகப்பட்டிருந்தது. கிண்ணம் போன்ற இரும்புக் கூட்டில் மகாராணியின் கிரீடச் சின்னம். அதன்மேல் காய்ந்த சேறு. பார்னபி அதை உருவினார். விளிம்பு மடிக்கவில்லை; உள்ளங்கையைச் சுரண்டியது. பிறகு கட்டைவிரலை அலகின் நீளத்துக்கும் ஓட்டினார். பள்ளிக்கூட அளவுகோல் மாதிரி இருந்தது.

"மேடம், இது சாணையே பார்க்காத வாள்."

அதன் பொருளை அவர் நிதானமாகச் சொன்னார். அமைதிக் காலத்தில் அதிகாரியின் வாள் மொட்டையாகத்தான் இருக்கும். போர்முனைக்குப் போகும் உத்தரவு வந்தால்தான் ஆயுதக் கிடங்குக்காரன் சாணை பிடித்துக் கொடுப்பான். கேப்டனுக்கு அந்த உத்தரவு வரவேயில்லை.

டெவரிலுக்கு அதில் கொஞ்சமும் வெட்கமில்லை. அவருடைய பெரிய தாத்தா போனது கேப் டவுன் துறைமுகத்துக்கு. அங்கே பூட்ஸுக்கும் ஜாம் டப்பாவுக்கும் பொறுப்பு. பதினோராவது வாரத்தில் வயிற்றுக் காய்ச்சல் வந்து செத்துப்போனார். அப்போது ஊருக்கு ஒரு வீரர் தேவைப்பட்டார். பக்கத்து ஊரில் இரண்டு பேர் இருந்தார்கள். நகராட்சி வந்து வாளைக் கேட்டது. வெண்ணெயைக்கூட வெட்டாத வாளைக் கொடுத்தால் சிரிப்பார்களே என்று, டெவரிலின் தாத்தா பழைய சாமான் கடையில் கூரான வாள் ஒன்றைப் பிடித்து, அதனால் வேலி முள்ளை நாலு வெட்டு வெட்டிக் கொடுத்தார். அதில் அலகில் விழுந்த மூன்று பல்லையும் தலை சீவிய தடமென்று பார்த்து ஊர் கண்ணீர் விட்டது.

"ஜாமுக்குக் காவல் நின்னவர்னு எழுதியிருந்தா நானே மாலை போட்டிருப்பேன்," என்றார் பார்னபி. "கிடங்குக்காரன் கஷ்டம் கிடங்குக்காரனுக்குத்தான் தெரியும்."

கிளம்பும்போது தெல்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இந்தக் கதையை வேறு யாரிடமாவது சொன்னதுண்டா?

"மூணு வாரத்துக்கு முன்னால மல்லின்ஸ் வந்தார். கேப்டனைப் பத்திப் புத்தகம் போட்டிருக்கார்ல, அதோட ரெண்டாம் பதிப்புக்கு ஏதாவது கிடைக்குமான்னு. இருந்ததைச் சொன்னேன். மனுஷன் வெளுத்துப்போய் அந்தத் தொட்டி மேலயே உக்காந்துட்டார். கர்னலுக்கு அழைப்பு அனுப்பியாச்சே, அந்த ஆளு வாளைப் பார்த்த உடனே கண்டுபிடிச்சிடுவாரேன்னு புலம்பினார்."

வண்டியில் ஏறியதும் பார்னபிதான் முதலில் பேசினார். ஸ்டோக் மேடனிலிருந்து நாற்பது மைல் தள்ளி இருக்கிற, யாருக்கும் தெரியாத தங்கள் அலுவலகத்தை மல்லின்ஸ் தேடிப் பிடித்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்றார். திறமைசாலிகள் என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டோம் என்று காட்டக் கூப்பிட்டிருக்கிறார். மூட்டுவலியும் வெயிலில் மழைக்கோட்டும் எதற்கென்று இப்போது விளங்கியது. அக்குளிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ஒரு வாளைச் செருகிக்கொண்டு நடப்பவனுக்குக் கால் எப்படி மடங்கும்?

"தெரியறது வேற, நிரூபிக்கறது வேற," என்றாள் தெல்மா. "வாள் கிடைக்கலைன்னா அவர் செயலாளர். ஐவி பெருக்கறவ. யார் பேச்சு எடுபடும்?"

மல்லின்ஸின் அறைக்குள் நுழைந்ததும் அவள் எதையும் விளக்கவில்லை. டெவரில் கொடுத்தனுப்பிய, தீவன மூட்டைச் சாக்கில் சுற்றிய பொருளை மேஜைமேல் வைத்தாள். கைப்பிடிக் கூடு மட்டும் வெளியே தெரிந்தது.

"உங்க வாள் கிடைச்சிடுச்சு," என்றாள்.

பார்னபி மல்லின்ஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பொருளைத் தொலைத்தவன், அது திரும்பி வந்தால் அதன்மேல் பாய்வான். மல்லின்ஸ் சாக்கைத் தொடவில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவர் கண் மேஜையை விட்டு ஏறி, ஆவண அலமாரியின் உச்சிக்குப் போய்த் திரும்பியது. அங்கே ஆளுயரத்துக்குப் பழைய நிலவரைபடம் ஒன்று சுருட்டிக் கிடந்தது.

"நாற்காலியைக் கொஞ்சம் வாங்கிக்கிறேன் ஐயா," என்று பார்னபி ஏறினார். வரைபடத்தை இறக்கி மேஜைமேல் விரித்தார். ஸ்டோக் மேடனின் வயல், ஓடை, கல்லறைத் தோட்டம் எல்லாம் ஒவ்வொன்றாக விரிந்து, கடைசிச் சுற்றில் மடித்த விளிம்பும் மூன்று பல்லுமாக வாள் உருண்டு வந்தது.

மல்லின்ஸ் முதலில் ஊரின் மானம் என்றார். அடுத்து, ஒரு கதையால் யாருக்கு என்ன நஷ்டம் என்றார். வாள் தொலைந்துபோனால் கர்னல் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போய்விடுவார், கேப்டனுக்கும் கெட்ட பெயர் வராது என்றுதான் செய்தாராம். ஐவியைச் சிக்கவைக்கும் எண்ணமே இல்லையாம். யார்மேலாவது சந்தேகம் விழுந்துதானே ஆக வேண்டும்? அவளுக்கு வேறு எங்கேயாவது பெருக்குகிற வேலை கிடைத்திருக்குமாம்.

அதுவரை கேலிக்கு இடம் தேடிக்கொண்டிருந்த பார்னபிக்கு அந்தக் கடைசி வார்த்தையில் சிரிப்பு நின்றுபோனது. இப்படிப்பட்ட எத்தனை பேருக்கு அவர் சல்யூட் அடித்திருக்கிறார். ஏதாவது காணாமல் போனால் கிடங்குக்காரன் தலையில் எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்கள்.

"போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வரேன், மேடம்," என்றார்.

தெல்மா சொன்னது சுருக்கமானது. புகார் கிடையாது. வேலையும் வீடும் ஐவிக்கே. பெட்டிக்குள் அசல் வாள் போக வேண்டும், அட்டையும் மாற வேண்டும். எந்தப் படியில் நின்று பேரைக் கெடுத்தாரோ அதே படியில் நின்று சனிக்கிழமை அவர் மன்னிப்பு வாசிக்க வேண்டும். மாட்டேன் என்றால் இரண்டு வாளையும் எடுத்துக்கொண்டு தெல்மாவே கர்னலிடம் போவாள்.

ஐவி வந்து உட்கார்ந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டாள். ஜாம் டப்பா வரும்போது மட்டும் வாய் ஓரம் லேசாகத் துடித்தது. மல்லின்ஸ் எழுதி நீட்டிய கடிதத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"'வருந்தத்தக்க தவறு ஒன்று நேர்ந்துவிட்டது'ன்னு இருக்கு. அது தானா நேர்ந்துச்சா ஐயா?"

மல்லின்ஸ் திருத்தி எழுதினார். இரண்டாவதில் வாள் 'இடம் மாற்றி வைக்கப்பட்டிருந்தது'. வாளுக்குக் கால் முளைத்ததா என்று ஐவி கேட்டாள். மூன்றாவதில் அவள் 'சந்தேகத்துக்கு ஆளாக நேரிட்டது'. அவள் தாளை மேஜைமேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். முப்பது வருஷமாக ஆளில்லாத வாக்கியங்களாகவே எழுதிப் பழகிய கை. 'நான்' என்ற சொல்லை எழுத அந்தக் கைக்கு இருபது நிமிஷம் பிடித்தது.

சனிக்கிழமை காலையில் கர்னல் வந்தார். பெட்டிக்கு முன்னால் குனிந்தவர் நிமிரவேயில்லை. கோட்டின் தேய்மானத்தையும் வாளின் விளிம்பையும் மாறி மாறிப் பார்த்தார். விளிம்பு மடிக்காத அந்த இரண்டு வருஷத்து வாள்கள் கிடைப்பதே அரிது, அது தின்ற கோட்டோடு சேர்ந்து தான் பார்த்ததேயில்லை என்று ஐவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏழு தலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மல்லின்ஸ் இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். ஒரு போலியைக் காப்பாற்ற எவ்வளவு தூரம் நொண்டினோம் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்ததுபோல இருந்தது.

பதினோரு மணிக்கு அவர் நகர மண்டபத்துப் படியில் ஏறினார். மேயர், கர்னல், பித்தளை வாத்தியக்காரர்கள், கேப்டன் தினத்துக்குக் கூடிய பாதி ஊர். ஐவி முன்வரிசையில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு நின்றாள். தெல்மா அவள் பக்கத்தில். பார்னபி மட்டும், கூட்டத்தில் மூச்சு முட்டுகிறது என்று சொல்லிவிட்டு, சதுக்கத்தின் கடைக்கோடிக்குப் போய்விட்டார்.

மல்லின்ஸ் தாளை விரித்தார். வாளை நான்தான் எடுத்தேன், பழியை ஐவி பார்லோ மேல் நான்தான் போட்டேன் என்பதை, பக்கத்தில் நின்றவருக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில், ஒரே மூச்சில் முணுமுணுத்து முடித்தார். தாளை மடித்தார். வாத்தியக்காரர்கள் குழலை வாயருகே கொண்டுபோனார்கள்.

கடைக்கோடியிலிருந்து, கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் பெயர் கூப்பிட்டுப் பழகிய குரல் ஒன்று மரியாதையாக எழுந்தது.

"இந்தப் பக்கம் ஒண்ணுமே காதுல விழலை ஐயா. முதல்ல இருந்து, கொஞ்சம் சத்தமா."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பிறகு மறுபடி படியைப் பார்த்தது. வாத்தியக்காரர்கள் குழலை இறக்கினார்கள். மல்லின்ஸ் மேயரைப் பார்த்தார். மேயர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மடித்த தாள் மறுபடி விரிந்தது.

"நான்..." என்று ஆரம்பித்தார் மல்லின்ஸ்.